ஜெர்மனியில் கிறிஸ்துமஸ்: 24-ஆம் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள்

ஜெர்மனிக்குப் புதிதாக வந்து சேரும் தமிழ்க் குடும்பங்கள் டிசம்பர் பிறந்ததும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "கிறிஸ்துமஸ் அன்னைக்கு எங்கே போனா நல்லா இருக்கும்?" நான் நியூரம்பெர்க்கில் பல வருடங்களாக இருக்கிறேன். கிறிஸ்துமஸ் சந்தையைப் பார்க்க உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வந்து குவியும் ஊர் இது. ஆனாலும் அன்றைக்கு எங்கேயும் போக முடியாது என்றுதான் அவர்களுக்குப் பதில் சொல்வேன். கடை இருக்காது, சந்தை இருக்காது, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. இங்கே பண்டிகை நாள் என்பது கதவைச் சாத்திக்கொண்டு சொந்தங்களோடு வீட்டுக்குள் இருக்கும் நாள். வெளியாள் உள்ளே நுழைவதற்கான கதவு அதற்கு முந்தைய ஐந்தாறு வாரங்களில்தான் திறந்திருக்கிறது. அந்த வாரங்களை விட்டுவிட்டு 24-ஆம் தேதியை எதிர்பார்த்து இருந்தால், ஊரே நம்மை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டது போலத் தோன்றும்.

நான் வளர்ந்தது பாளையங்கோட்டையில். அங்கே கிறிஸ்துமஸ் அன்று காலையில் எதிர்வீட்டிலிருந்து கேக்கும் அச்சு முறுக்கும் தட்டில் வரும். தீபாவளிக்கு எங்கள் வீட்டுத் தட்டு அங்கே போகும். பண்டிகை என்றால் கதவு திறந்திருக்கும், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தோடு வருகிறவருக்கு இங்கத்து டிசம்பர் 24 மாலை மனதை அழுத்தும், அதுவும் குழந்தைகள் இருக்கிற வீட்டில் இன்னும் அதிகமாக. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நவம்பரில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கிண்டர்கார்டனில் குழந்தை இருந்தால் உங்களுக்கும் அங்கேதான் தொடங்கும். நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். மார்ட்டின் ஒரு ரோமானியப் போர்வீரர். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தார் என்பது கதை. குழந்தைகள் இரண்டு மூன்று வாரம் உட்கார்ந்து காகித விளக்கு செய்வார்கள். அன்று இருட்டியதும் அதைக் குச்சியில் தொங்கவிட்டுக்கொண்டு பாடியபடி ஊர்வலம் போவார்கள். சில இடங்களில் உண்மையான குதிரையில் மார்ட்டின் வேடமிட்டவர் முன்னால் வருவார். முடிவில் ஒரு ரொட்டியை இரண்டு பிள்ளைகள் பிய்த்துப் பகிர்ந்து சாப்பிடுவார்கள்.

இந்த ஊர்வலத்துக்குப் பெற்றோர் இருவருமே போங்கள். வேலை இருந்தால் சீக்கிரம் கிளம்பிவிடுங்கள். மற்றப் பெற்றோர்களோடு நின்று பேசுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருடத்தில் கிடைக்காது. இருட்டில், கையில் சூடான பழரசப் பானத்தோடு, எல்லோரும் கொஞ்சம் இளகி இருப்பார்கள். குடிப்பதற்கான கோப்பையை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லி அறிவிப்பில் எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குத் தடிமனான காலணி போட்டு அனுப்புங்கள். ஊர்வலத்தில் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம், குளிர் காலிலிருந்துதான் ஏறும். விளக்கில் மெழுகுவர்த்தி வேண்டாம், சின்ன பேட்டரி விளக்குக் குச்சி கடைகளில் கிடைக்கும்.

அதற்கு அடுத்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஒரு புதன்கிழமை இருக்கிறது. நியூரம்பெர்க் இருக்கும் பவேரியா மாநிலத்தில் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்துக்கொள்ள வேண்டிய நாள். பூஸ் உன்ட் பெட்டாக் என்று பெயர், பாவத்துக்கு வருந்திப் பிரார்த்தனை செய்யும் புராட்டஸ்டன்ட் நாள். ஒரு காலத்தில் நாடு முழுவதும் பொது விடுமுறையாக இருந்தது. முதியோர், நோயாளிகளின் பராமரிப்புக்கான காப்பீட்டைப் புதிதாகக் கொண்டுவந்தபோது, முதலாளிகளின் செலவை ஈடுகட்ட ஒரு விடுமுறையை எடுத்துவிட முடிவு செய்தார்கள். 1995 முதல் சாக்சனி மாநிலத்தைத் தவிர மற்ற இடங்களில் அது வேலை நாள். ஆனால் பவேரியாவில் பள்ளிக்கூடங்களுக்கு மட்டும் அன்றைக்கு விடுமுறை தொடர்கிறது. அதாவது உங்களுக்கு ஆபீஸ் உண்டு, பிள்ளைக்குப் பள்ளி இல்லை. தாத்தா பாட்டி பக்கத்தில் இல்லாத நம் மாதிரி குடும்பங்கள் அக்டோபரிலேயே இதற்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும். நாங்கள் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, ஒருவர் லீவு போட்டு எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது என்று முறை வைத்திருக்கிறோம். இந்த ஏற்பாட்டில் இப்போது இரண்டு ஜெர்மன் வீடுகளும் இருக்கின்றன.

அட்வென்ட் என்னும் கிறிஸ்துமஸ் காத்திருப்புக் காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு இறந்தவர்களை நினைக்கும் நாள். கல்லறைகளில் ஊசியிலைக் கிளை வைத்து விளக்கேற்றுவார்கள். இது முடிந்த பிறகுதான் ஜன்னலில் கிறிஸ்துமஸ் விளக்கு மாட்டுவது வழக்கம். கடைகள் செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் பண்டங்களை அடுக்கிவிடும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எங்கள் கட்டடத்தில் வயதானவர்கள் அதிகம். அவர்கள் இதைக் கவனிக்கிறார்கள், மதிக்கிறவரை மனதில் வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஞாயிறு கழிந்ததும் ஒவ்வொரு ஜன்னலாக வெளிச்சம் வரும். சாக்சனியின் ஹெர்ன்ஹுட் என்ற சிற்றூரில் செய்யும் பல முனை நட்சத்திரம் பல வாசல்களில் தொங்கும். முதல் முறை அதைப் பார்த்தபோது பாளையங்கோட்டைத் தெருக்களில் டிசம்பரில் தொங்கும் காகித நட்சத்திரங்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

சரி, அட்வென்ட். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் அட்வென்ட் ஞாயிறுகள். மேசை மேல் ஊசியிலை வளையம், அதில் நான்கு மெழுகுவர்த்தி. முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். இது பழங்காலத்துச் சடங்கு என்று நினைப்போம், அப்படி இல்லை. ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற பாதிரியார், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று அந்தப் பிள்ளைகள் தினமும் கேட்டதால், 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார். வார நாளுக்குச் சின்னது, ஞாயிறுக்குப் பெரியது. அதுதான் சுருங்கி நான்கு மெழுகுவர்த்தி வளையமாக வீடுகளுக்கு வந்தது. காத்திருக்கத் தெரியாத பிள்ளைகளுக்குக் காத்திருப்பதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மனிதர் யோசித்த வழி என்பதே எனக்கு இதில் பிடித்தது. நீங்களும் ஒன்று வாங்கி வையுங்கள், மதம் அதற்குத் தடையில்லை. ஆனால் டிசம்பர் நடுவில் அந்தக் கிளைகள் சருகாகக் காய்ந்துவிடும். எரியும் வளையத்தை அறையில் தனியாக விட்டுப் போகவே கூடாது. அதிலிருந்து தீப்பிடிப்பது ஒவ்வொரு வருடமும் இங்கே நடக்கிறது.

டிசம்பர் 1 முதல் 24 வரை ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கதவாகத் திறக்கும் அட்வென்ட் நாட்காட்டியும் அப்படித்தான். கடையில் சாக்லேட் வைத்து விற்பதைவிட, 24 துணிப் பைகளைக் கயிற்றில் கட்டி நாமே நிரப்புவது நல்லது. எங்கள் மகளின் பைகளில் பாதியில் தின்பண்டம் இருக்கும். மீதியில் சீட்டு இருக்கும்: இன்று மாலை பனிச்சறுக்கு, இன்று பாட்டியோடு வீடியோ காலில் முறுக்கு சுடுவது, இன்று கீழ்வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பது. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் "இன்னைக்கு உனக்கு என்ன வந்தது?" என்று கேட்டுக்கொள்வார்கள். அந்தப் பேச்சில் நம் பிள்ளையும் இருக்க வேண்டும். நவம்பர் 30 இரவுக்குள் இதைத் தயாராக வைத்துவிடுங்கள்.

டிசம்பர் 5 இரவு, பிள்ளைகள் காலணியைத் துடைத்து வாசலில் வைப்பார்கள். புனித நிக்கோலாஸ் வந்து கொட்டைகள், மாண்டரின் ஆரஞ்சு, சாக்லேட் போட்டுவிட்டுப் போவார். நிக்கோலாஸ் நான்காம் நூற்றாண்டில் மைரா நகரில் பிஷப்பாக இருந்தவர், அந்த ஊர் இன்றைய துருக்கியில் இருக்கிறது. பெரிய பரிசு எதிர்பார்க்கும் நாள் அல்ல இது, இரண்டு மூன்று யூரோவில் முடியும். அடுக்குமாடியில் இருந்தால் ஒரு காரியம் செய்யலாம்: பக்கத்து வாசல்களில் வெளியே நிற்கும் காலணிகளிலும் ஒரு சாக்லேட் போட்டு வையுங்கள், பெரியவர்களுடையதாக இருந்தாலும். எங்கள் மாடியில் யார் தொடங்கினார்கள் என்று தெரியாது, இப்போது எல்லோரும் எல்லோருக்கும் போடுகிறார்கள்.

கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றி ஒன்று. ஜெர்மனியின் வடக்கில் 24-ஆம் தேதி பரிசு கொண்டுவருவது தாடி வைத்த தாத்தா. தெற்கே, எங்கள் பக்கம், கிறிஸ்ட்கிண்ட். குழந்தை இயேசு என்று தொடங்கி, பொன் சுருள்முடியும் சிறகும் வைத்த தேவதைப் பெண்ணாக மாறிய உருவம். நியூரம்பெர்க்கில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 16 முதல் 19 வயதுக்குள் இருக்கும் ஊர்ப் பெண் ஒருவரைக் கிறிஸ்ட்கிண்டாகத் தேர்ந்தெடுப்பார்கள். உயரமான இடத்தில் நின்றால் தலைசுற்றாதவராக இருக்க வேண்டும் என்பது உண்மையான நிபந்தனை. முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, ஹவுப்ட்மார்க்ட் சதுக்கத்தில் இருக்கும் ஃப்ரவுவன்கிர்ஷே தேவாலயத்தின் மாடத்தில் நின்று அவர் கவிதை சொல்லிச் சந்தையைத் திறந்துவைப்பார்.

2019-இல் தேர்வானவர் பெனிக்னா முன்சி. அவர் தந்தை இந்தியாவில் பிறந்தவர். பெனிக்னாவின் நிறத்தைக் குறிவைத்து ஒரு வலதுசாரிக் கட்சியின் கிளை முகநூலில் எழுதியது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது, பதிவை நீக்கினார்கள். கட்சி வேறுபாடு இல்லாமல் பலர் அவருக்காகப் பேசினார்கள். அந்த வருடத் திறப்பு விழாவுக்கு எங்கள் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனோம். மாடத்தில் அவர் கைகளை விரித்து நின்றபோது சதுக்கமே கைதட்டியது. இந்த ஊர் யாருடையது என்று எங்கள் பிள்ளைக்கு நாங்கள் தனியாக எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சந்தைக்கு எப்போது போகலாம்? வார நாளில், காலையிலோ மதியத்திலோ. சனி, ஞாயிறு மாலைகளில் வெளியூர்ப் பேருந்துகள் வரிசையாக வரும், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு அடி நகர முடியாது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் பக்கத்திலேயே ஹான்ஸ் சாக்ஸ் சதுக்கத்தில் ராட்டினங்களோடு குழந்தைகளுக்கான சந்தை தனியாக இருக்கிறது, முதலில் அங்கே போங்கள். கையில் சில்லறை வைத்திருங்கள். சூடான மசாலா ஒயினான க்ளூவைனை அந்த வருடத்துப் படம் போட்ட கோப்பையில் தருவார்கள். கோப்பைக்கு முன்பணம் சேர்த்து வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வந்துவிடும், பிடித்திருந்தால் கோப்பையை வீட்டுக்கே கொண்டுவரலாம். மது வேண்டாதவர்கள் கிண்டர்புன்ஷ் என்று கேளுங்கள், பழச்சாறில் பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சியது. இங்கத்துப் பெருமை விரல் நீளத் தொத்திறைச்சி மூன்றை ரொட்டிக்குள் வைத்துத் தருவது. சைவமென்றால் உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்து ஆப்பிள் கூழோடு தரும் அடை நன்றாக இருக்கும், எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேனும் மசாலாவும் சேர்த்துச் சுடும் லெப்கூகன் வாங்காமல் வரக் கூடாது. ஆனால் சந்தையில் தொங்கும் இதய வடிவ ரொட்டி அழகுக்குத்தான். சாப்பிட வேண்டியது எலிசன்லெப்கூகன். அந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் நான்கில் ஒரு பங்காவது பாதாம், ஹேசல், வால்நட் இருக்க வேண்டும், மாவு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சுற்றியிருந்த காட்டுத் தேனும், வெனிஸ் வழியாக நியூரம்பெர்க் வணிகர்கள் கொண்டுவந்த மசாலாவும் சேர்ந்ததால்தான் இந்தப் பண்டம் இந்த ஊரில் வேர் பிடித்தது. மலபார்க் கரையின் மிளகும் ஏலமும், இலங்கைப் பட்டையும் அந்த வழியில்தான் வந்தன. அம்மாவுக்கு ஒரு டப்பா அனுப்பினேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இதுல ஏலக்கா நிறையப் போட்டிருக்காங்களே, நம்ம ஊர் வாசனை வருது" என்றார்.

இவ்வளவும் கண்ணால் பார்ப்பது. அக்கம்பக்கத்து மனிதர்களோடு பழகுவது வேறு இரண்டு வழியில் நடக்கிறது: பார்சலும் பலகாரமும்.

டிசம்பரில் எல்லோருக்கும் பார்சல் வரும். வீட்டில் ஆள் இல்லையென்றால் கொண்டுவருகிறவர் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, சீட்டு ஒட்டிவிட்டுப் போவார். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் என்றால் நீங்கள்தான் அந்தக் கட்டடத்துக்கே தபால் நிலையம். சலித்துக்கொள்ளாமல் வாங்கி வையுங்கள். மாலையில் ஒவ்வொருவராகக் கதவைத் தட்டுவார்கள், அந்த இரண்டு நிமிடப் பேச்சில்தான் பழக்கம் தொடங்குகிறது. எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி அப்படித்தான் எங்களுக்கு அறிமுகமானார். பார்சலை வாங்கிப் போனவர் மறுநாள் ஒரு தகர டப்பாவோடு வந்தார், உள்ளே அவர் சுட்ட ப்ளெட்ஸ்ஷென்.

அட்வென்ட் முழுக்க வீடுகளில் இந்தச் சின்ன பிஸ்கட்டுகளைச் சுடுவார்கள். பாதாம் மாவும் வெண்ணெயும் பிசைந்து பிறை வடிவில் சுட்டு வனிலா சர்க்கரையில் புரட்டுவது ஒன்று, பட்டை போட்ட நட்சத்திரம் ஒன்று, நடுவில் ஜாம் வைத்தது ஒன்று. வீட்டுக்கு வீடு ஐந்தாறு வகை இருக்கும், டப்பாவில் போட்டு ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். நம் தீபாவளித் தட்டு இங்கே டிசம்பர் முழுக்க உலா வருகிறது. அதில் நீங்களும் சேரலாம். நான் தேன்குழலும் தேங்காய் பர்ஃபியும் கொடுக்கிறேன். இரண்டு விஷயம் மட்டும்: என்னென்ன போட்டிருக்கிறது என்று ஜெர்மனில் ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள், ஒவ்வாமையை இங்கே ரொம்பக் கவனமாகப் பார்ப்பார்கள். காரம் போட்டதைத் தனியாகக் கட்டுங்கள். வாங்கிக்கொள்ளும்போதும் கேளுங்கள். ரம் உருண்டைகளில் பேருக்கேற்ப ரம் இருக்கும், ஷ்டொலன் என்ற பழ ரொட்டியின் திராட்சையையும் ரம்மில் ஊறவைத்திருப்பார்கள். குழந்தைக்குக் கொடுக்கும் முன் தெரிந்துகொள்வது நல்லது. க்ரீம் கேக்குகளில் ஜெலட்டின் இருக்கலாம். சைவம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சாப்பிடாமல் ஒதுக்கி வைத்தால்தான் வருத்தப்படுவார்கள்.

டப்பாக்கள் இரண்டு முறை போய் வந்த பிறகு பாட்டி எங்களை ஓர் அட்வென்ட் ஞாயிறு காபிக்குக் கூப்பிட்டார். ஜெர்மனியில் வெளியாளுக்குக் கிடைக்கும் பண்டிகை அழைப்பு பெரும்பாலும் இதுதான். மூன்று மணி என்றால் மூன்று மணி. கையில் ஒரு பூங்கொத்து போதும், சுற்றியிருக்கும் காகிதத்தை வாசலிலேயே பிரித்துவிட்டுக் கொடுங்கள். இருட்டும் நேரம் வரை உட்காருவார்கள், காலியானதும் மறுபடி காபி ஊற்றுவார்கள், மெழுகுவர்த்தி எரியும், வேறு நிகழ்ச்சி எதுவும் கிடையாது. போருக்குப் பின் இடிந்து கிடந்த இந்த ஊரில் தன் சின்ன வயதுக் கிறிஸ்துமஸ் எப்படி இருந்தது என்று பாட்டி அன்று சொன்னார். ஒரே ஒரு ஆரஞ்சை வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்களாம். மகள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பத்துச் சந்தைக்குப் போயிருந்தாலும் அவளுக்கு அது கிடைத்திருக்காது.

ஆபீஸ் விஷயம் கொஞ்சம். சக ஊழியர்கள் சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றிக்கொள்ளும் விளையாட்டு நடக்கும். பத்து யூரோ என்று வரம்பு வைத்தால் அதற்குள்ளேயே வாங்குங்கள், அதிகமாகக் கொடுத்தால் எதிராளிக்குச் சங்கடம். இதைவிட முக்கியமானது லீவு. டிசம்பர் 25, 26 பொது விடுமுறை, 24-உம் 31-உம் சட்டப்படி வேலை நாட்கள். பல நிறுவனங்கள் அந்த இரண்டையும் முழுதாகவோ பாதியாகவோ விட்டுக்கொடுக்கின்றன, உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விடுமுறை ஞாயிறில் விழுந்தால் திங்கட்கிழமை ஈடு கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம், ஏன், ஊருக்கு ஊரே மாறும். ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்பு நாள், ம்யூனிக்கில் விடுமுறை. புராட்டஸ்டன்ட்கள் அதிகமாக இருந்த நியூரம்பெர்க்கில் இல்லை.

எங்கள் குழுவில் பண்டிகை நாட்களில் அவசர அழைப்புகளைக் கவனிக்க ஒருவர் வேண்டும். 24, 25 இரண்டையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று அக்டோபரில் சொல்லிவிடுவேன். பதிலுக்குப் பொங்கலன்றும் தீபாவளியன்றும் என் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளோடு வீட்டில் இருக்க விரும்பும் சக ஊழியருக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது, நமக்கும் நம் பண்டிகை கிடைக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் இதை உறுதியாகச் சொல்வேன்.

இப்போது அந்த நாள். டிசம்பர் 24 வார நாளாக இருந்தால் கடைகள் மதியம் இரண்டு மணிக்கு மூடியாக வேண்டும், சட்டமே அப்படி. நியூரம்பெர்க் சந்தையும் அன்றே இரண்டு மணிக்கு முடிந்துவிடும். பிறகு 25, 26 முழுவதும் அடைப்பு. ஞாயிறு பக்கத்தில் வந்தால் இன்னும் நீளும். 2023-இல் 24-ஆம் தேதியே ஞாயிறு, ஆகையால் மூன்று நாள் தொடர்ச்சியாகக் கடை இல்லை. பால், ரொட்டி, காய்கறி, குழந்தைக்கான டயப்பர், காய்ச்சல் மருந்து எல்லாவற்றையும் 22, 23-க்குள் வாங்கிவிடுங்கள். 24 காலைக் கூட்டத்தில் நிற்க வேண்டாம். ஏதாவது விட்டுப்போனால் பெரிய ரயில் நிலையத்துக் கடைகளும் பெட்ரோல் பங்குகளும் கைகொடுக்கும். எந்த மருந்துக்கடை அன்று முறைப்படி திறந்திருக்கும் என்பதை எல்லா மருந்துக்கடை வாசலிலும் எழுதி வைத்திருப்பார்கள். மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112. மாலையில் டிராமும் பேருந்தும் குறைந்துவிடும்.

வீடுகளுக்குள் என்ன நடக்கிறது? மாலையில் தேவாலயம், பிறகு எளிய சாப்பாடு. தொத்திறைச்சியும் உருளைக்கிழங்கு சாலடும்தான் பெரும்பாலான வீடுகளில், எங்கள் பக்கம் கெண்டை மீனும் உண்டு. விருந்து மறுநாள்தான், வாத்தும் சிவப்பு முட்டைக்கோஸும் உருண்டையும். மரம் இருக்கும் அறையைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் பூட்டி வைத்திருப்பார்கள். சின்ன மணி ஒன்று அடிக்கும், கதவு திறக்கும், கிறிஸ்ட்கிண்ட் வந்து போயிருக்கும். பரிசுகளைப் பிரிப்பது 24 இரவிலேயே, அமெரிக்காவைப் போல மறுநாள் காலை அல்ல. உங்களை யாராவது இந்த மாலைக்கு அழைத்தால் அது சாதாரண மரியாதை இல்லை, கட்டாயம் போங்கள். அழைக்கவில்லையென்றால் மனம் நோக வேண்டாம், தங்கள் சொந்த அத்தை மாமாவையே பலர் அன்று அழைப்பதில்லை.

அழைப்பு இல்லாதவருக்கும் அன்று திறந்திருக்கும் ஒரே இடம் தேவாலயம். மதியம் மூன்று, நான்கு மணிக்குப் பிள்ளைகள் இயேசு பிறப்பை நாடகமாக நடிப்பார்கள். யாரும் போகலாம், எந்த மதம் என்று கேட்பதில்லை. அரை மணி முன்னால் போனால்தான் இடம் கிடைக்கும், உள்ளே குளிரும், மேலங்கியைக் கழற்ற வேண்டாம். நாங்கள் லோரன்ஸ் தேவாலயத்துக்குப் போவோம். ஐந்நூறு வருடம் முன்பு ஃபைட் ஷ்டோஸ் செதுக்கிய பிரம்மாண்டமான மரச் சிற்பம் அங்கே கூரையிலிருந்து தொங்குகிறது, மரியாளுக்குத் தேவதூதர் செய்தி சொல்லும் காட்சி. திரும்பி வந்து இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடிவிடுவோம். தனியாக இருக்கும் மாணவர்களைக் கண்டிப்பாகக் கூப்பிடுகிறோம். விடுதி காலியாகிவிடும், சாப்பாட்டுக் கூடம் மூடிவிடும், அந்தப் பிள்ளைகளுக்கு அது கடினமான மூன்று நாள். உங்கள் ஊரில் யாராவது அப்படி இருக்கிறார்களா என்று டிசம்பர் தொடக்கத்திலேயே விசாரித்து வையுங்கள்.

26-க்குப் பிறகு மறுபடி கதவுகள் திறக்கும். பவேரியாவில் பழகியவர்கள் வீட்டுக்குப் போய் மரத்தைப் பாராட்டும் வழக்கம் இருக்கிறது. "என்ன அழகான மரம்!" என்று சொன்னால் வீட்டுக்காரர் ஒரு சின்னக் கோப்பையில் மது ஊற்றிக் கொடுப்பார். வேண்டாதவருக்குச் சாறு. கோணல் மரமாக இருந்தாலும் பாராட்டித்தான் ஆக வேண்டும். டிசம்பர் 31 வாணவேடிக்கை நம்மவர்களுக்குத் தீபாவளியை ஞாபகப்படுத்தும், ஆனால் வெடி விற்பதே வருடத்தின் கடைசி மூன்று வேலை நாட்களில்தான், அந்த ஒரு இரவு தவிர மற்ற நாளில் வெடிக்க அனுமதி இல்லை. ஆஸ்துமா இருப்பவர்கள் நள்ளிரவில் ஜன்னலை மூடி வையுங்கள்.

ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் நாள், பவேரியாவில் விடுமுறை. அதையொட்டிய நாட்களில் கிரீடமும் அங்கியும் போட்ட பிள்ளைகள் நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பாடி, உலகெங்கும் இருக்கும் ஏழைக் குழந்தைகளுக்காக நன்கொடை வாங்குவார்கள். 1959 முதல் நடக்கும் இயக்கம் இது. கதவைத் திறங்கள். கொஞ்சம் பணமும் அந்தப் பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் மிட்டாயும் வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருங்கள். வருட எண்ணுக்கு நடுவில் மூன்று எழுத்துகளைச் சேர்த்து நிலைக்கு மேலே சாக்பீஸால் எழுதுவார்கள், அந்த வீட்டுக்கு ஆசீர்வாதம். துடைக்க வேண்டாம், வருடம் முழுக்க இருக்கட்டும்.

அதற்கு ஒரு வாரத்தில் நம் பொங்கல் வந்துவிடும். அக்கம்பக்கத்தாரைச் சாப்பிட அழைக்க நினைத்தால் ஜனவரியில் சொல்வது தாமதம், இங்கே எல்லோருடைய நாட்காட்டியும் முன்கூட்டியே நிரம்பிவிடும். நான் அட்வென்ட் காபி மேசையிலேயே தேதியைச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் வேலை நாளில் வந்தால் அடுத்த ஞாயிறு, மதியம் ஒரு மணி. பாட்டி தன் பையிலிருந்து சின்ன நாட்காட்டியை எடுத்து உடனே எழுதிக்கொள்வார்.